பிரஷ்லெஸ் மோட்டாருக்கு எந்தப் பொசிஷன் சென்சார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார சைக்கிள், ரோபோ கை, கேமரா கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் கருவி), சின்ன சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டும் இயந்திரம்) என்று பிரஷ்லெஸ் மோட்டாரை வைத்து எதையாவது செய்து பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கன்ட்ரோலர், ஃபேஸ் கம்பி என்றால் ஓரளவு தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த கோசைன் போதும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

ட்ரோன், மின்விசிறி, பம்ப் மாதிரி கிளம்பியதும் வேகம் பிடித்து ஓடுகிற வேலை என்றால் சென்சாரே வேண்டாம். சைக்கிள், ஸ்கூட்டர், பாரவண்டி மாதிரி நின்ற இடத்திலிருந்து சுமையோடு கிளம்ப வேண்டுமென்றால் மோட்டாருக்குள்ளேயே வரும் மூன்று ஹால் சென்சார் (காந்தத் துருவத்தை உணரும் சின்னச் சிப்) போதும். கிம்பலுக்கும் ரோபோ மூட்டுக்கும் 14 பிட் காந்த என்கோடர் (ஷாஃப்ட்டின் கோணத்தை எண்ணாகச் சொல்லும் சென்சார்; பிட் கூடக் கூடப் படி சின்னதாகும்). மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் இயந்திரத்துக்கு ஆப்டிகல் என்கோடர். சூடு, எண்ணெய், அதிர்வு மூன்றும் சேர்ந்த இடத்துக்கு ரிசால்வர், இல்லையென்றால் இண்டக்டிவ் சென்சார்.

அவசரத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் ஒரே சென்சார் ஒரு மோட்டாரில் வெண்ணெய் மாதிரி ஓடி இன்னொன்றில் ஏன் உதறுகிறது என்று தெரிய வேண்டுமானால் கீழே படியுங்கள்.

சாதாரண டிசி மோட்டாரில் சென்சார் எதுவும் இல்லையே, இதற்கு மட்டும் எதற்கு?

அதிலும் இருக்கிறது. கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் சேர்ந்து அந்த வேலையைத்தான் செய்கின்றன. ரோட்டார் (சுற்றும் பாகம்) திரும்பத் திரும்ப, எந்தச் சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும் என்பதைச் செம்புத் துண்டுகளே மாற்றிவிடுகின்றன. பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் ரோட்டாரில், சுருள் ஸ்டேட்டரில் (அசையாத பாகம்). எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்று கன்ட்ரோலர்தான் முடிவு செய்ய வேண்டும். ரோட்டார் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அது எப்படி முடிவு செய்யும்?

ஸ்டேட்டரின் காந்தப்புலம் ரோட்டாரின் புலத்துக்கு 90 எலக்ட்ரிக்கல் டிகிரி முன்னால் நிற்கும்போதுதான் ஒவ்வொரு ஆம்பியருக்கும் முழு டார்க் (சுழற்றும் விசை) கிடைக்கும். கோணத்தில் பிழை இருந்தால் அந்தப் பிழையின் கோசைன் அளவுக்கு டார்க் குறையும். 10 டிகிரி தப்பினால் ஒன்றரை சதவீதம்தான் நஷ்டம், யாரும் கவனிக்க மாட்டார்கள். 60 டிகிரி தப்பினால் பாதி போய்விடும். 90 டிகிரியில் டார்க் பூஜ்ஜியம். அதையும் தாண்டினால் மோட்டார் எதிர்ப்பக்கம் இழுக்கும். மின்சாரமோ குறைவதே இல்லை, அத்தனையும் சுருளில் சூடாகிறது. "மோட்டார் சூடாகிறது, இழுக்கவும் இல்லை" என்ற புகார் வந்தால் முதலில் கோணத்தைச் சந்தேகப்படுங்கள்.

எலக்ட்ரிக்கல் டிகிரி என்றால்? ஷாஃப்ட் சுற்றுவது ஒரே கோணம்தானே?

சென்சார் வாங்குகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. ரோட்டாரில் வடக்கு, தெற்கு என்று காந்தங்கள் மாறி மாறி ஒட்டியிருக்கும். ஒரு வடக்கும் ஒரு தெற்கும் சேர்ந்தது ஒரு துருவ ஜோடி. ஒரு ஜோடியைக் கடந்தாலே கன்ட்ரோலரைப் பொறுத்தவரை 360 டிகிரி முடிந்துவிட்டது. எனவே ஷாஃப்ட்டின் கோணத்தைத் துருவ ஜோடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் எலக்ட்ரிக்கல் கோணம்.

ட்ரோன் மோட்டார்களில் பரவலாகக் காணப்படும் வடிவத்தில் 12 ஸ்லாட் (சுருள் உட்காரும் பள்ளம்), 14 காந்தம். அதாவது 7 ஜோடி. ஹோவர்போர்டு சக்கர மோட்டாரில் வழக்கமாக 30 காந்தம், 15 ஜோடி. மின்சார சைக்கிளின் கியர் இல்லாத ஹப் மோட்டாரில் 46 காந்தம், 23 ஜோடி என்பது சகஜம். இப்போது பெருக்கிப் பாருங்கள். சென்சார் 1 டிகிரி தப்பாகச் சொன்னால் ட்ரோன் மோட்டாரில் அது 7 எலக்ட்ரிக்கல் டிகிரி, பெரிதாகத் தெரியாது. 23 ஜோடி ஹப் மோட்டாரில் அதே 1 டிகிரி 23 ஆகிவிடும். டார்க்கில் 8 சதவீதம் காணாமல் போகும். சென்சார் எத்தனை பிட் என்று கேட்பதற்கு முன்னால் மோட்டாரில் எத்தனை ஜோடி என்று கேட்க வேண்டும்.

மோட்டாரைப் பிரிக்க மனம் வரவில்லையா? கரண்ட் வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் ஓர் ஆம்பியர் அளவுக்கு வரம்பு வைத்து, மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஏதாவது இரண்டில் கொடுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகத் திருப்பினால் சில இடங்களில் 'டக்'கென்று போய் உட்காரும். ஒரு முழுச் சுற்றில் எத்தனை இடத்தில் உட்காருகிறதோ அத்தனை துருவ ஜோடி. எண்ணத் தொடங்கும் முன் ஷாஃப்ட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறும்.

சென்சார் இல்லாமலே ஓட்டுகிறார்களே, பிறகு எதற்குச் செலவு?

மோட்டார் சுற்றும்போது அதன் சுருளில் ஒரு மின்னழுத்தம் தானாகவே பிறக்கிறது. அதுதான் பேக் ஈஎம்எஃப். மின்சாரம் கொடுக்காத ஃபேஸில் அது பூஜ்ஜியத்தைக் கடக்கும் நேரத்தைப் பார்த்து ரோட்டார் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடலாம். ட்ரோன் இஎஸ்சிகள் (ட்ரோன் மோட்டாரின் கன்ட்ரோலர்கள்) இப்படித்தான் ஓடுகின்றன. கம்பி குறைவு, செலவு குறைவு, கெட்டுப்போகப் பாகமும் குறைவு.

சிக்கல் என்னவென்றால் பேக் ஈஎம்எஃப் வேகத்தோடு சேர்ந்துதான் வளரும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அது பூஜ்ஜியம். அதனால் கன்ட்ரோலர் ரோட்டாரை முதலில் ஓரிடத்துக்கு இழுத்து நிறுத்தி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு புலத்தைச் சுழற்றி வேகம் ஏற்றி, சிக்னல் தெரிய ஆரம்பித்ததும் பிடித்துக்கொள்ளும். ப்ரொபெல்லருக்கு இது போதும், ஏனென்றால் தொடக்கத்தில் காற்று எதிர்ப்பே கிடையாது. மேட்டில் இரண்டு பேரோடு நிற்கும் ஸ்கூட்டருக்கு இது உதவாது. வண்டி முன்னும் பின்னும் ஆடிவிட்டு நின்றுவிடும்.

உயர் அதிர்வெண் சிக்னலைச் சுருளுக்குள் செலுத்தி, இண்டக்டன்ஸ் (மின்சாரம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) கோணத்துக்குக் கோணம் மாறுவதை வைத்து நின்ற நிலையிலும் கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. ஆனால் ரோட்டாரின் இரு அச்சுகளிலும் (காந்தத்துக்கு நேராகவும் அதற்குக் குறுக்காகவும்) இண்டக்டன்ஸ் வேறுபட வேண்டும். காந்தத்தை ரோட்டாரின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மோட்டாரில் அந்த வேறுபாடு சொற்பம். கூடவே கீச்சென்ற சத்தமும் கேட்கும். முதல் முறை செய்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். சென்சாரில் மிச்சமாகும் பணத்தைவிட அதைச் சரிசெய்ய ஆகும் நேரம் அதிகம்.

ஹால் சென்சார் மூன்றே மூன்று. அதை வைத்து எவ்வளவு தெரியும்?

ஒவ்வொரு ஹால் சென்சாரும் தன் முன்னால் வடக்கா தெற்கா என்று மட்டும் சொல்லும். மூன்றையும் 120 எலக்ட்ரிக்கல் டிகிரி இடைவெளியில் வைத்தால் ஆறு நிலைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 60 டிகிரி அகலம். மூன்று பிட்டுக்கு எட்டு சேர்க்கை உண்டே என்றால், மூன்றும் 0, மூன்றும் 1 என்ற இரண்டும் இந்த அமைப்பில் வரவே கூடாது. வந்தால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது சென்சார் செத்திருக்கிறது. பல கன்ட்ரோலர்கள் அந்தக் கணமே மோட்டாரை நிறுத்திவிடும்.

60 டிகிரி அறைக்குள் ரோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் பிழை 30 டிகிரி வரை போகும். 30-இன் கோசைன் 0.866. பேக் ஈஎம்எஃப் சைன் வடிவில் இருக்கும் மோட்டாரை ஆறு படியில் ஓட்டினால் டார்க் 100-க்கும் 87-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சைக்கிள் ஓட்டுபவருக்கு அது லேசான 'உர்ர்' சத்தமாகக் கேட்கும். கேமராவைத் தாங்கும் கிம்பலில் அதுவே படத்தைக் கெடுத்துவிடும்.

வேகம் ஏறிய பிறகு இரண்டு ஹால் மாற்றங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை வைத்து நடுவிலுள்ள கோணத்தை ஊகிக்கலாம். நல்ல கன்ட்ரோலர்கள் அப்படிச் செய்துதான் ஹாலை வைத்தே சைன் அலையில் ஓட்டுகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெட்டர் தொடங்கிய விஇஎஸ்சி கன்ட்ரோலர், குறைந்த வேகத்தில் ஹாலையும் வேகம் ஏறியபின் பேக் ஈஎம்எஃப் கணிப்பையும் பயன்படுத்தும்படி அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை என்பது என் கருத்து.

ஹால் சென்சார் சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று எப்படி நம்புவது?

நம்பாதீர்கள். 23 ஜோடி ஹப் மோட்டார் ஒன்றின் ஸ்டேட்டர் ஆரம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 628 மில்லிமீட்டர். ஒரு ஜோடிக்கு 27 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது 360 எலக்ட்ரிக்கல் டிகிரி முழுவதும் அந்த 27 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. சென்சாரை ஒட்டும்போது 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 13 டிகிரி போயிற்று. ஸ்டேட்டர் பல்லில் வெட்டிய பள்ளத்தில் பசை வைத்துத் திணிக்கும் சென்சாரில் அரை மில்லிமீட்டர் நகர்வது பெரிய விஷயமே இல்லை. அதனால்தான் ஆறு அறைகளும் 60, 60 என்று சமமாக வராமல் 52, 67 என்றெல்லாம் வரும். மோட்டாரை மெதுவாகச் சுழற்றி ஒவ்வொரு மாற்றமும் எந்தக் கோணத்தில் நடக்கிறது என்று அளந்து அட்டவணை போட்டுக்கொள்ளும் வசதி உங்கள் கன்ட்ரோலரில் இருந்தால் அதைத் தவறாமல் ஓட்டுங்கள்.

12 பிட்டா, 14 பிட்டா, 21 பிட்டா?

மோட்டாரைச் சுழற்ற மட்டும் என்றால் 12 பிட்டே தாராளம். ஒரு சுற்றை 4096 ஆகப் பிரித்தால் ஒரு படி 0.088 டிகிரி. 23 ஜோடியால் பெருக்கினாலும் 2 எலக்ட்ரிக்கல் டிகிரிதான். டார்க்கில் வித்தியாசமே தெரியாது.

பிட் தேவைப்படுவது வேகத்தை அளப்பதற்கு. வேகம் என்பது இரண்டு கோணங்களின் வித்தியாசத்தை நேரத்தால் வகுப்பது. ஒரு மில்லி வினாடிக்கு ஒருமுறை படித்தால், 12 பிட் சென்சாரில் ஒரு படி நகர்வு என்பது 14.6 ஆர்பிஎம். மோட்டார் 5 ஆர்பிஎம்மில் நகர்ந்தால் கன்ட்ரோலர் 0, 0, 14.6, 0 என்று பார்க்கும். அதைத் திருத்தப் போய் மோட்டாரை உலுக்கும். 14 பிட்டில் அந்தப் படி 3.7 ஆர்பிஎம் ஆகச் சுருங்கும். ரோபோ கை மெதுவாக நகரும்போது தடதடவென்று அதிர்ந்தால் பிஐடி எண்களை (கன்ட்ரோலர் பிழையை எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் எண்களை) மாற்றிக்கொண்டு உட்காராமல் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஹால் மட்டும் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 15 ஜோடி மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 90 மாற்றம், 10 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 15 தடவைதான் செய்தி வரும், மற்ற நேரமெல்லாம் இருட்டு.

இன்னொன்று, நுணுக்கம் வேறு, துல்லியம் வேறு. 14 பிட் காந்த சிப் ஒரு சுற்றை 16,384 ஆகப் பிரிக்கும். ஆனால் காந்தம் மையத்திலிருந்து விலகியிருந்தால் அது சொல்லும் கோணம் உண்மையிலிருந்து 1 டிகிரி வரை தள்ளி நிற்கலாம். 1 டிகிரி என்பது 45 படி. கடைசி ஐந்து பிட்டும் சும்மா அலங்காரம். நல்லவேளையாக இந்தப் பிழை ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே அளவில் வரும், எனவே ஒருமுறை அளந்து அட்டவணையாக வைத்துக் கழித்துவிடலாம்.

ஏஎஸ்5600 காந்த என்கோடர் சிப் மலிவாகக் கிடைக்கிறது. அது போதாதா?

மெதுவாகச் சுற்றும் வேலைக்குப் போதும். கிம்பல், கைப்பிடிக் குமிழ், சிம்பிள்எஃப்ஓசி என்னும் மோட்டார் ஓட்டும் நிரல் நூலகத்தோடு மேஜையில் செய்து பார்க்கும் சோதனை எல்லாவற்றுக்கும் சரி. வேகம் ஏறினால் கதை மாறும். காரணம் பிட் இல்லை, தாமதம்.

கணக்கைப் பாருங்கள். 7 ஜோடி மோட்டார், 6000 ஆர்பிஎம். வினாடிக்கு 100 சுற்று, 700 எலக்ட்ரிக்கல் சுற்று. ஓர் எலக்ட்ரிக்கல் சுற்றுக்கு 1429 மைக்ரோ வினாடி. ஐ2சி (சிப்கள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் முறை) வழியாக 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோணத்தைப் படிக்க முகவரி, ரெஜிஸ்டர், மறுபடி முகவரி, இரண்டு பைட் தரவு என 45 பிட் ஓட வேண்டும். 112 மைக்ரோ வினாடி. அதற்குள் ரோட்டார் 28 எலக்ட்ரிக்கல் டிகிரி நகர்ந்துவிட்டது. அத்தோடு முடியவில்லை. அந்தச் சிப்புக்குள் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதன் மெதுவான அமைப்பில் வெளியீடு நிலைபெற 2.2 மில்லி வினாடி ஆகும். நம் மோட்டார் அதற்குள் ஒன்றரை எலக்ட்ரிக்கல் சுற்றை முடித்திருக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அதையே வைத்து ட்ரோன் மோட்டாரை ஓட்டப் பார்த்தால் நடக்காது.

தாமதம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வேகத்தைத் தாமதத்தால் பெருக்கி அந்தக் கோணத்தை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம். சீரான வேகத்தில் இது அருமையாக வேலை செய்யும். திடீரென்று வேகம் மாறும்போது மட்டும் கொஞ்சம் பிசகும். ஏஎஸ்5047பி மாதிரியான சிப்கள் இந்தத் திருத்தத்தை உள்ளேயே செய்கின்றன, எஸ்பிஐ என்ற இன்னொரு இணைப்பு முறை வழியாக வேகமாகவும் படிக்கலாம். இன்ஃபினியானின் டிஎல்இ5012பி, எம்பிஎஸ் நிறுவனத்தின் எம்ஏ730 ஆகியவையும் எஸ்பிஐ வகைதான்.

சின்ன எரிச்சல் ஒன்று: ஏஎஸ்5600-இன் ஐ2சி முகவரியை மாற்ற முடியாது. இரண்டு மோட்டாருக்கு இரண்டு வைத்தால் ஒரே கம்பியில் இரண்டும் சேர்ந்து பேசும். மல்டிபிளெக்சர் (கம்பியை மாற்றி மாற்றி இணைக்கும் சிப்) வாங்கும் காசைச் சேர்த்தால் எஸ்பிஐ சிப்பே வாங்கிவிடலாம்.

காந்தத்தை எப்படிப் பொருத்துவது?

காந்த என்கோடர் வேலைசெய்யாத இடங்களில் குற்றவாளி பெரும்பாலும் இந்தச் சின்ன வட்டக் காந்தம்தான். இது சாதாரண வில்லைக் காந்தம் இல்லை. சாதாரண வில்லையில் ஒரு முகம் முழுக்க வடக்கு, மறுமுகம் தெற்கு. நமக்கு வேண்டியதில் ஒரே முகத்தின் ஒரு பாதி வடக்கு, மறு பாதி தெற்கு. அதாவது குறுக்காகக் காந்தமேற்றியது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் உதிரியாக வாங்கினால் இன்னொரு காந்தத்தின் ஒரு முனையை அதன் முகத்தின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரு பாதி இழுத்து மறு பாதி தள்ளினால் அது சரியான காந்தம். முகம் முழுவதும் இழுத்தாலோ, முழுவதும் தள்ளினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வழக்கமான அளவு 6 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம். சிப்புக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 0.5 முதல் 3 மில்லிமீட்டருக்குள். நான் 1-இல் ஆரம்பிப்பேன். ஏஎஸ்5600-இல் புலம் பலவீனமா, அதிகமா என்று சொல்லும் நிலைப் பிட்டுகள் இருக்கின்றன. ஓட்டும் முன் அதைப் படித்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. காந்தத்தின் மையமும் சிப்பின் மையமும் கால் மில்லிமீட்டருக்குள் ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும். கண்ணால் பார்த்து ஒட்டினால் வராது. ஷாஃப்ட்டில் செருகும் ஒரு சின்னக் குப்பியை லேத்திலோ முப்பரிமாண அச்சிலோ செய்து அதில் காந்தத்தை உட்கார வையுங்கள். குப்பி பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் ஏதாவது ஒன்று. இரும்பு ஷாஃப்ட்டின் முனையில் குழி தோண்டி நேரே காந்தத்தைப் புதைத்தால் புலம் இரும்புக்குள்ளேயே சுற்றி வந்துவிடும், சிப்புக்கு மிச்சம் குறைவு.

பசைக்கு எப்பாக்ஸிதான். சூடும் அதிர்வும் சேரும்போது உடனே ஒட்டும் பசை விட்டுவிடலாம். காந்தம் கழன்று விழுந்தாலாவது தெரியும். சில டிகிரி மட்டும் நழுவினால் தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டே சூடாகும், டார்க் குறையும், நாம் கன்ட்ரோலரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஃபேஸ் கம்பிகளைச் சிப்பின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கம்பியில் ஓடும் ஒவ்வொரு ஆம்பியரும் ஒரு காந்தப்புலம். சுமை ஏறும்போது மட்டும் கோணம் நகர்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஷாஃப்ட் முனையில் இடமே இல்லை, நடுவில் துளை. அப்போது?

ஷாஃப்ட்டைச் சுற்றி வளையக் காந்தம் போட்டுப் பக்கவாட்டில் சிப் வைக்கலாம். துல்லியம் கொஞ்சம் குறையும், அட்டவணைத் திருத்தம் கட்டாயம். ஏஎம்டி102 மாதிரியான கெப்பாசிட்டிவ் (காந்தத்துக்குப் பதில் மின்புலத்தை உணரும்) என்கோடரை ஷாஃப்ட்டின் மேல் அப்படியே செருகிவிடலாம். தூசி, காந்தப்புலம் இரண்டையும் அது பொருட்படுத்தாது. பெரிய துளை என்றால் இண்டக்டிவ்.

இன்க்ரிமென்டலா, அப்சல்யூட்டா?

இன்க்ரிமென்டல் என்கோடர் எவ்வளவு நகர்ந்தது என்று மட்டுமே சொல்லும். எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. ஏ, பி என்ற இரண்டு சிக்னல் கால் அலை இடைவெளியில் வரும். எது முந்துகிறது என்பதை வைத்துத் திசை தெரியும். சுற்றுக்கு ஒருமுறை வரும் இசட் சிக்னல் தொடக்கக் குறி. மின்சாரம் போட்டதும் கோணம் தெரியாததால் ஒன்று ரோட்டாரை இழுத்து நிறுத்த வேண்டும், இல்லை இசட்டைத் தேடிச் சுற்ற வேண்டும். சுவரோரம் நிற்கும் ரோபோ கை இப்படித் தேடினால் சுவரில் இடிக்கும். தொழிற்சாலை சர்வோக்கள் (சென்சாரோடு வரும் மோட்டார்கள்) பலவற்றில் ஏ, பி, இசட்டோடு யு, வி, டபிள்யு என்று ஹால் மாதிரியான சிக்னலும் சேர்ந்து வருவது இதற்காகத்தான்.

வாங்கும்போது இன்னொரு குழப்பம். 1000 பிபிஆர் என்று எழுதியிருந்தால் சுற்றுக்கு 1000 அலை. ஏ, பி இரண்டும் ஏறி இறங்கும் நான்கு விளிம்பையும் எண்ணினால் 4000. சில கடைக்காரர்கள் 4000 என்பதையே பெரிதாக எழுதிவைப்பார்கள். எந்த எண் எது என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். எண்ணும் வேகத்தையும் பாருங்கள்: 2500 பிபிஆர், 3000 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 5 லட்சம் எண்ணிக்கை. ஆர்டுயினோ ஊனோ போர்டில் இன்டரப்ட் வைத்து (ஒவ்வொரு விளிம்புக்கும் நிரலை நிறுத்தி) இதை எண்ண முடியாது. எஸ்டிஎம்32 போல டைமரிலேயே (சிப்புக்குள் தானாக எண்ணும் பகுதியிலேயே) என்கோடர் வசதி உள்ள சிப் வேண்டும்.

என் விருப்பம் அப்சல்யூட், அதாவது பவர் போட்டதுமே எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும் வகை. காந்த சிப்கள் பலவற்றில் இரண்டும் கிடைக்கும்: பவர் போட்டதும் எஸ்பிஐயில் ஒருமுறை முழுக் கோணத்தைப் படித்துவிட்டு, பிறகு ஏ, பி கம்பிகளை டைமரில் எண்ணிக்கொண்டு போகலாம். படிக்கும் தாமதம் ஒழிந்தது.

கார்களில் ஏன் இன்னும் ரிசால்வர்?

ரிசால்வரில் சிப்பே கிடையாது. இரும்புத் தகடும் செம்புச் சுருளும்தான். ஒரு சுருளுக்குச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால் மற்ற இரண்டில் கோணத்தின் சைனும் கோசைனும் அலையின் உயரமாக வந்துவிடும். இரண்டையும் வகுத்துக் கோணம் எடுப்பதால், சூட்டில் சிக்னல் குறைந்தாலும் இரண்டும் சேர்ந்தே குறையும்; கோணம் கெடாது. கியர் எண்ணெயில் மூழ்கி 150 டிகிரி செல்சியஸில் வருடக்கணக்கில் உழைக்க இதைவிடத் தெம்பான ஆள் இல்லை. டொயோட்டா பிரியஸின் மோட்டார்களில் இருப்பது இதுதான்.

விலையும் எடையும் குறைகள். சிக்னலைக் கோணமாக்க ஏடி2எஸ்1210 போன்ற தனிச் சிப் வேண்டும், அல்லது கன்ட்ரோலரின் ஏடிசியிலேயே (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதியிலேயே) நேரம் பார்த்து அளக்கும் நிரல் வேண்டும். இந்த இடத்தைப் பிடிக்க வருவதுதான் இண்டக்டிவ் சென்சார்: பிசிபியில் (சர்க்யூட் பலகையில்) அச்சிட்ட சுருள், எதிரே சுற்றும் உலோகத் தகடு, காந்தமே இல்லை. வெளிக் காந்தப்புலம் அதை ஒன்றும் செய்யாது.

ஆப்டிகல் எப்போது?

துல்லியம் காசைவிட முக்கியம் என்னும்போது. கோடு போட்ட தகடு, ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் உணரி. எண்ணெய்த் துளி, தூசு, பனித்துளி மூன்றும் எதிரி. கண்ணாடித் தகடு என்றால் கீழே போட்டால் போயிற்று. கம்பி நீளமாக ஓடும் இயந்திரத்தில் ஆர்எஸ்422 டிஃபரன்ஷியல் வெளியீடு (ஒரே சிக்னலை இரண்டு கம்பியில் எதிரெதிராக அனுப்பி இரைச்சலைத் தவிர்க்கும் முறை) உள்ளதையே வாங்குங்கள்.

கியர் வைத்த ரோபோ மூட்டில் சென்சாரை எந்தப் பக்கம் வைப்பது?

மோட்டார் பக்கம் கட்டாயம் ஒன்று. கியரில் இருக்கும் ஆட்டம் மோட்டாரின் கோணத்தை மறைத்துவிடும் என்பதால், வெளிப்பக்கச் சென்சாரை வைத்து ஃபேஸ் மின்சாரத்தை முடிவு செய்யக் கூடாது. ஆனால் 1:50 கியரில் மோட்டார் 50 சுற்று சுற்றினால்தான் கை ஒரு சுற்று; மோட்டார் பக்க அப்சல்யூட் சென்சாருக்கு இது எந்தச் சுற்று என்று தெரியாது. வெளிப்பக்கம் இன்னொன்று வைத்தால் அந்தக் குழப்பமும் தீரும், கியர் ஆட்டத்தையும் அளக்கலாம். இரண்டு சிப்பின் விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஹோமிங் சுவிட்ச் (தொடக்க இடத்தைக் காட்டும் சுவிட்ச்) வைத்து அல்லாடுவதைவிட இது மேல்.

சென்சார் பூஜ்ஜியமும் மோட்டார் பூஜ்ஜியமும் ஒன்றாக இல்லையே?

தற்செயலாகக்கூட ஒன்றாக இருக்காது. கன்ட்ரோலர் ஒரு குறிப்பிட்ட திசையில் மின்சாரம் கொடுத்து ரோட்டாரை அங்கே இழுத்து நிறுத்தும். அப்போது சென்சார் சொல்லும் எண்தான் ஆஃப்செட். சுமையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். உராய்வினால் ரோட்டார் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். அதனால் ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் வந்து நிறுத்தி இரண்டின் சராசரியை எடுப்பது நல்லது. ஓட்டியதும் மோட்டார் தறிகெட்டு வேகம் பிடித்தாலோ, ஓரிடத்தில் பூட்டிக்கொண்டு உறுமினாலோ சென்சாரின் திசையும் ஃபேஸின் திசையும் எதிரெதிராக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கூட்டர் ஹப் மோட்டார் உதறுகிறது, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது. ஹால் போய்விட்டதா?

பெரும்பாலும் ஆமாம், அல்லது அதன் கம்பி. ஹால் இணைப்பில் ஐந்து கம்பி வரும்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சிக்னல். கன்ட்ரோலரோடு இணைத்த நிலையிலேயே மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை ஒவ்வொரு சிக்னலிலும் வைத்து, சக்கரத்தை மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொன்றும் 0-க்கும் 5 வோல்ட்டுக்கு அருகிலும் மாறி மாறிப் போக வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அதுதான். கன்ட்ரோலர் இல்லாமல் சோதித்தால் சிக்னலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 10 கிலோ ஓம் மின்தடை போடுங்கள். இந்தச் சென்சார்கள் கீழே இழுக்க மட்டுமே தெரிந்தவை, மேலே தூக்க மின்தடை வேண்டும். அது இல்லாமல் பார்த்து நல்ல சென்சாரைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

மாற்றுவதற்கு எஸ்எஸ்41எஃப் வகையைப் பொதுவாகப் போடுகிறார்கள். முக்கியம், அது லாட்ச் வகையாக இருக்க வேண்டும், அதாவது ஒரு துருவத்துக்கு மாறி எதிர்த் துருவம் வரும்வரை அப்படியே நிற்கும் வகை. ஒரு துருவத்துக்கு மட்டும் வேலைசெய்யும் சுவிட்ச் வகை ஆகாது. மூன்றில் ஒன்று போனாலும் மூன்றையும் மாற்றிவிடுங்கள், மோட்டாரைத் திரும்பப் பிரிப்பது அதைவிடக் கஷ்டம்.

கம்பி நிறம் பொருந்தாத கன்ட்ரோலர் என்றால் மூன்று ஹால், மூன்று ஃபேஸ் சேர்ந்து 36 விதமாக இணைக்கலாம். அத்தனையும் முயல வேண்டாம். ஹாலைத் தொடாமல் ஃபேஸ் கம்பிகளை மட்டும் மாற்றினால் ஆறே விதம். அதில் ஒன்றுதான் சரி. வேறு சிலவற்றிலும் சக்கரம் சுற்றும், ஆனால் கரகரவென்று, சூடாக. அதனால் சுற்றுவதை வைத்து முடிவு செய்யாமல் சுமையில்லாத மின்சாரத்தை அளந்து, எதில் மிகக் குறைவோ அதை வையுங்கள். அதில் சக்கரம் பின்பக்கம் சுற்றினால் இரண்டு ஹால் கம்பிகளை இடம் மாற்றிவிட்டு, ஃபேஸ் ஆறையும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள். இத்தனையும் சக்கரம் தரையில் படாமல், கரண்ட் வரம்பைக் குறைத்துவைத்துச் செய்ய வேண்டிய வேலை.